சமரசம் சரணாகதியா?

கல்யாணப் பந்தலிலும், துக்கம் விசாரிக்கப் போன வீட்டுத் திண்ணையிலும் நாம் அடிக்கடி கேட்கும் உபதேசம் ஒன்று உண்டு. உறவினர் ஒருவருக்குப் பங்காளிகளோடு பாகத் தகராறு என்றோ, மணம் முடித்துக் கொடுத்த மகள் புக்ககத்திலிருந்து திரும்பி வந்துவிட்டாள் என்றோ ஒரு செய்தி காதில் விழுந்தால், விவரம் முழுவதையும் கேட்டு முடிப்பதற்குள்ளாகவே, "விட்டுக்கொடுத்தால் இளக்காரமாகப் போய்விடும், ஒரு நோட்டீஸ் விடு, தானாக வழிக்கு வருவார்கள்" என்று யாரேனும் ஒருவர் சொல்லிவிடுகிறார். சொல்பவர் கெட்டவர் அல்லர். படித்தவர், உலக விவகாரம் அறிந்தவர், பெரும்பாலும் நம்முடைய நன்மையையே நாடுகிறவர். ஆயினும் அவர் வாக்கினுள்ளே ஒரு சித்தாந்தம் அடங்கியிருக்கிறது: குடும்ப விவகாரத்தில் நியாயம் என்பது ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்பதால்தான் நிலைபெறும், கட்சி கட்டாமல் பேசித் தீர்த்துக்கொள்வதென்பது, வலுவற்றவன் வலுவுள்ளவனிடம் பணிந்து போவதற்கு இட்ட மரியாதையான பெயர். இந்தச் சித்தாந்தம் பிழையானது என்று காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இச்சித்தாந்தக்காரர் கூறும் காரணங்கள் மூன்று. அவற்றை நான் இளைக்க வைத்துச் சொல்ல விரும்பவில்லை. மெலிந்த எதிராளியோடு மல்லுக்கு நின்று வென்றதாகச் சொல்லிக்கொள்வதில் கௌரவம் ஒன்றும் இல்லை. முதலாவது, சாட்சியும் ஆவணமும் குறுக்கு விசாரணையும் உள்ள நியாயஸ்தலத்தில்தான் உண்மை வெளிப்படும், சமரசமோ உண்மையைப் புதைத்து அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடுவது என்கிறார்கள். இரண்டாவது, எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது பணமும் குரலும் உறவுப் பலமும் உடையவரே மேலோங்குவர், பெண்களும் இளையவர்களும் ஏமாறுவர் என்கிறார்கள். மூன்றாவது, பேசி முடித்த வார்த்தை காற்றோடு போய்விடும், டிக்கிரி ஒன்றே நிற்கும் என்கிறார்கள். இம்மூன்றில் நடுவில் உள்ளதே கனமானது. ஆகையால் அதற்கே அதிக இடம் தருவேன்.

முதற் காரணத்தை எடுத்துக்கொள்வோம். கடன் பத்திரத்தில் இருக்கும் கையொப்பம் பிரதிவாதியுடையதா என்ற கேள்விக்கு விடை ஒன்றுதான். அதைச் சாட்சியத்தால் நிர்ணயிக்கலாம். நிர்ணயித்தபின் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமலே ஆயுளைக் கழித்துவிடலாம். ஆனால் பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்த தம்பதியரிடையே மனம் எந்த நாளில் முறிந்தது, யாருடைய மௌனம் முந்தியது, எந்தச் சொல் எந்தச் சொல்லுக்கு மறுமொழியாக வந்தது என்பதையெல்லாம் எந்தச் சாட்சி கூண்டேறி நிர்ணயிப்பது? அறிந்தவர் இருவரே, அவ்விருவரும் கட்சிக்காரர்கள். ஆகவே நியாயஸ்தலம் அந்தத் துக்கத்தைத் தன் கைக்கு அகப்படும் வடிவத்தில் மாற்றித் தரும்படி கேட்கிறது. "என்னை ஒரு மனுஷியாகவே அவர் மதிக்கவில்லை" என்று அழுதுகொண்டு வக்கீலின் அறைக்குள் நுழைந்த பெண்ணின் பேச்சு தட்டச்சாகி வெளியே வரும்போது, தேதியும் இடமும் குறித்த இருபது பாராக்களாகிவிடுகிறது. ஒவ்வொரு பாராவிலும் கணவனும் அவன் தாயும் தமக்கையும் தனித்தனிக் குற்றம் சுமந்து நிற்கிறார்கள். அதற்கு வரும் எதிர்வழக்குரையோ, மறுக்காத வாசகம் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்ற விதிக்கு அஞ்சி, நடந்ததையும் நடவாததையும் ஒருங்கே மறுத்து, போதாக்குறைக்கு அவளுடைய நடத்தையின் மீதும் ஐயம் கிளப்புகிறது. இருவரும் அந்தந்தத் தாள்களில் கையொப்பமிடுகிறார்கள். அவற்றில் பாதி வாக்கியங்கள், அன்று காலை வரையில் அவர்கள் மனத்திலும் தோன்றியிராதவை.

நான் மிகைப்படுத்தவில்லை. 1976ஆம் வருஷத்துத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் கொடுமையை விவாகரத்துக்கு ஒரு காரணமாகச் சேர்த்தது. 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், கணவனுக்குச் சித்தம் சரியில்லை என்று மனைவியின் தரப்பு எதிர்வழக்குரையிலும் குறுக்கு விசாரணையிலும் கூறியதே மனக்கொடுமை என்று கொள்ளப்பட்டு, அதன்பேரில் விவாகம் ரத்து செய்யப்பட்டது. அதற்குள் வழக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் நிலுவையில் இருந்துவிட்டது. முன் நிகழ்ந்த குற்றம் ஒன்றை விசாரிக்கப் புகுந்த வழக்கு, தன் வயிற்றிலேயே வேறொரு குற்றத்தைப் பெற்று, பெற்ற குற்றத்தின் பெயராலேயே முடிவெய்தியது. உண்மையைக் கண்டறியும் கருவியென்று நாம் போற்றுவது இவ்விடத்தில் செய்த வேலை இதுதான்.

இதில் ஒரு விசேஷம் கவனிக்கத்தக்கது. குடும்ப விவகாரத்துக்கு எதிர்வாதம் பொருந்தாது என்பதை முதலில் எழுத்தில் ஒப்புக்கொண்டது சட்டமேதான். அதே 1976இல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் குடும்ப வழக்குகளுக்கென்று ஒரு தனிக் கட்டளை சேர்க்கப்பட்டு, கட்சிக்காரர்கள் உடன்பாட்டுக்கு வர உதவுவது நீதிமன்றத்தின் கடமை என்று விதிக்கப்பட்டது. 1984இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் பிறந்தபோது, சமரசத்தை வளர்ப்பதும் தகராறுகளை விரைந்து தீர்ப்பதும்தான் அதன் நோக்கமென்று முகவுரையிலேயே எழுதினார்கள். அந்நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை ஆகாது. ஒருவர் விரும்பினாலும் விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். சாட்சியச் சட்டத்தின் கட்டுத்திட்டங்கள் தளர்த்தப்பட்டுள்ளன. ஆலோசகர்களை நியமிக்க இடம் செய்யப்பட்டுள்ளது. வழக்காடுவதே நியாயம் என்பவர் தாம் சட்டத்தின் பக்கம் நிற்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறார். சட்டம் அவரை விட்டு அகன்று நாற்பது வருஷங்கள் ஆகின்றன.

தாம்பத்திய விவகாரத்தில் மட்டுந்தான் இப்படி என்று எவரும் நினைக்க வேண்டாம். பாகப்பிரிவினை வழக்கின் யாத்திரையைச் சற்றே பின்தொடர்ந்து பாருங்கள். யாருக்கு எத்தனை பாகம் என்பதற்கு ஒரு பூர்வாங்க டிக்கிரி, அதன்மேல் அப்பீல், அப்பீல் முடிந்தபின், நிலத்தை அளந்து பிரிக்க ஒரு கமிஷனர், அவருடைய அறிக்கையின் மேல் ஆட்சேபணைகள், பின்பு இறுதி டிக்கிரி, அதன்மேல் அப்பீல், எல்லாம் முடிந்தபின், சுவாதீனம் பெறுவதற்கு நிறைவேற்று மனு. சொத்து பிரிக்க இயலாதது என்று கண்டால், பங்குதாரர் கேட்பதன் பேரில் அதை விற்றுப் பணமாக்கிப் பங்கிடவும் 1893ஆம் வருஷத்துப் பிரிவினைச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. இடையில் கட்சிக்காரர் எவரேனும் காலமானால், அவருடைய வாரிசுகள் அனைவரையும் வழக்கில் சேர்க்க வேண்டும். தகப்பனோடு பிறந்த வழக்கில் பேரன் ஆஜராவது நம் தாலுகா நீதிமன்றங்களில் அதிசயமான காட்சி அன்று.

என் சொந்த ஊரில் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். ஓடு வேய்ந்த வீடு, நடுவில் முற்றம், பின்கட்டில் கிணறு. வயல் அதிகம் இல்லை. தகப்பனார் காலமான மறுவருஷம் கிணற்றில் இறைப்பு முறை பற்றி ஆரம்பித்த பேச்சு, வீட்டில் யாருக்குக் கிழக்குப் பாகம் என்பதில் முற்றி, வழக்காயிற்று. மூத்தவர் பூர்வாங்க டிக்கிரிக்கும் அப்பீலுக்கும் இடையே காலமானார். தம்பி துக்கத்துக்குப் போனார், வாசலோடு திரும்பிவிட்டார். அவர் வந்ததை ஒரு விட்டுக்கொடுத்தலாக எதிர்த் தரப்பு எடுத்துக்கொள்ளும் என்று அவருடைய பிள்ளைகளும், அவரை உள்ளே அழைத்தால் பாதி ஒப்புக்கொண்டதாகும் என்று மூத்தவருடைய பிள்ளைகளும் அஞ்சினார்கள். இரண்டு தரப்பிலும் ஒருவரும் பொல்லாதவர் அல்லர். கட்சி என்ற ஒன்று ஏற்பட்டபின், ஒவ்வொரு செய்கையும் அக்கட்சிக்குச் சாதகமா பாதகமா என்ற தராசில் ஏறித்தான் ஆகவேண்டும். சகோதரனுடைய பிணத்தின் முன் விடும் கண்ணீரும் அத்தராசுக்குத் தப்பவில்லை.

இதே பாகத்தை அவர்கள் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டிருந்தால் சட்டம் அதைக் குறைவாக மதித்திருக்குமா? இல்லை. குடும்பத்தார் மனமொப்பிச் செய்துகொள்ளும் ஏற்பாடுகளை நீதிமன்றங்கள் இயன்றவரையில் தாங்கி நிறுத்த வேண்டுமென்றும், வீட்டின் அமைதிக்காக ஒருவர் தமக்கு உரிய பாகத்தில் சற்றுக் குறைத்துக்கொண்டாலும் அது செல்லுமென்றும், வாய்மொழியாகச் செய்ததும் செல்லத்தக்கதே என்றும் உச்ச நீதிமன்றம் 1976இலேயே விரிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆக, பேசித் தீர்ப்பதைப் பலவீனம் என்று இகழ்கிறவர் அத்தீர்ப்பையும் சேர்த்தே இகழ்கிறார்.

வக்கீல் தொழிலின் லட்சணமே சண்டையிடுவதுதான் என்பார்க்கு, அத்தொழிலில் இருந்த ஒருவருடைய அநுபவத்தை நினைவூட்டுவேன். 1893இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற மோகன்தாஸ் காந்தி, அங்கே கையாண்ட முதற்பெரும் வழக்கு, நெருங்கிய உறவினரான இரு வணிகர்களுக்கு இடையே நாற்பதாயிரம் பவுன் பெறுமானமுள்ள தாவா. தம் கட்சிக்காரரின் வழக்கு வலுவுள்ளது என்பதை அவர் கணக்குப் புத்தகங்களைப் படித்து நன்றாக அறிந்திருந்தார். அறிந்தும், இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார். மத்தியஸ்தர் முப்பத்தேழாயிரம் பவுனும் செலவும் தரவேண்டுமென்று தீர்த்தார். காந்தியின் கட்சி வென்றது. நம் உபதேசியார் அங்கே இருந்திருந்தால் அதோடு காரியம் முடிந்தது என்றிருப்பார். காந்திக்கோ வேலை அப்போதுதான் ஆரம்பமாயிற்று. தோற்றவரால் அத்தொகையை ஒரே முறையில் செலுத்த இயலாது. செலுத்தச் சொன்னால் திவாலாவார். திவாலாவதைவிடச் சாவது மேல் என்று கருதும் வகுப்பார் அவர்கள். ஆகவே, நீண்ட தவணைகளில் வாங்கிக்கொள்ளும்படி வென்றவரை இணங்க வைப்பதற்கு, இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்ததைவிட அதிகமாகக் காந்தி பாடுபட வேண்டியிருந்தது. தீர்ப்புக் கிடைத்த பிறகும் தகராறு தீராமல் கிடக்கும் என்பதையும், அதைத் தீர்ப்பது வேறொரு கைத்திறன் என்பதையும் அந்த இளம் பாரிஸ்டர் பிரிட்டோரியாவில் கண்டுகொண்டார்.

இனி, கனமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். எளியோர் ஏமாறுவர் என்பது வீண் பயம் அன்று. ஆலமரத்தடியில் உட்கார்ந்த பெரியவர்கள் பெண்ணை நோக்கி, "பொறுத்துப் போம்மா" என்று சொன்ன சொல்லில் எத்தனை பெண்களின் ஆயுள் புதைந்துபோயிற்று என்பது நமக்குத் தெரியும். ஜாதி விட்டு மணந்தவர்களை ஊரைவிட்டு விலக்கியதும், பணம் கொடுப்பவருக்காக அடியாட்களை வைத்து மிரட்டிக் கையெழுத்து வாங்கியதும் பஞ்சாயத்து என்ற பெயரால்தான் நடந்தன. அத்தகைய கட்டப்பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் கடுமையாகச் சொல்ல நேர்ந்தது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கி இன்று எங்கும் பரவியுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையங்களில், புகாரோடு வந்த பெண்ணையும் கணவனையும் எதிரே நிறுத்திப் பேசி, "இனிமேல் சேர்ந்து வாழ்கிறோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதும் உண்டு. மேஜைக்கு அந்தப் பக்கம் காக்கிச் சட்டை உட்கார்ந்திருக்கும்போது இடும் கையொப்பத்தைச் சம்மதம் என்று நான் சொல்லத் துணியேன்.

ஆனால் இவையெல்லாம் சமரசமா? மூன்றாம் மனிதர் ஒருவர் முடிவைத் தாமே செய்து, அதை இரு தரப்பின் தலையிலும் அல்லது ஒரு தரப்பின் தலையில் மட்டும் கட்டுவதை, உட்காரும் இடம் மரத்தடியாக இருப்பதனாலேயே சமரசம் என்று அழைப்பது பிழை. அது தீர்ப்புத்தான், அப்பீல் இல்லாத தீர்ப்பு. மெய்யான சமரசத்தில் நடுவில் இருப்பவருக்கு முடிவு செய்யும் அதிகாரமே கிடையாது. எழுந்து போகும் சுதந்திரம் இரு தரப்புக்கும் கடைசி நிமிஷம் வரையில் உண்டு. அங்கே பேசியதை வெளியே சாட்சியமாகக் கொண்டுவரலாகாது. வேண்டுமானால் வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசலாம். தனியே பேச விரும்பினால் சமரசர் தனித்தனியே பேசுவார். பஞ்சாயத்தின் பாவங்களைக் காட்டிச் சமரசத்தைக் கண்டிப்பவர், தமக்குத் தெரியாமலே, நாட்டாண்மையின் அதிகாரத்தைத்தான் கண்டிக்கிறார். அந்தக் கண்டனத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அடித்தவனையும் அடிபட்டவளையும் சரிசமமாக உட்கார வைத்துப் பேசச் சொல்வதா என்று கேட்கலாம். சொல்லக்கூடாது. உயிருக்கு அச்சமுள்ள இடத்தில் முதலில் வேண்டியது பாதுகாப்பு. அதைத் தரவல்லது நீதிமன்றத்தின் ஆணையே. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆலோசனைக்கு அனுப்ப இடம் வைத்தவர்கள், அதற்கான விதிகளில், தன் வன்செயலுக்குச் சமாதானம் கற்பிக்க எதிர்த் தரப்பை அனுமதிக்கலாகாது என்று எழுதி வைத்தார்கள். மிக நுட்பமான விதி அது. "நீ சமைக்காததால்தானே அடித்தேன்" என்ற பேச்சுக்கு ஆலோசனை அறையில் இடமில்லை என்று அது கூறுகிறது. எந்தத் தகராறு பேசத் தக்கது, எது தகாதது என்று முதலிலேயே பிரித்தறிவது சமரச முறையின் முதற்பாடம். சில நோய்களுக்குக் கத்தி வேண்டும் என்பதனால், தலைவலிக்கும் கத்தியே வேண்டும் என்று யாரும் வாதிப்பதில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். நியாயஸ்தலத்துக்குப் போனவுடன் எளியவர் வலியவருக்கு நிகராகிவிடுகிறாரா? பணமுள்ளவருக்கு வாய்தா ஒரு வசதி. இல்லாதவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாட்கூலி, பஸ் கட்டணம், பிள்ளையை யாரிடம் விட்டுப்போவது என்ற கவலை. ஜீவனாம்ச ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை நிறைவேற்ற மாதாமாதம் மனுப் போட்டு நடக்கும் பெண்ணுக்கு, எதிர்வாத முறை எந்த வகையில் அரணாக நின்றது? மெலிந்தவரை வலியவருக்கு நிகராக்குவது நல்ல சட்டமும், இலவச சட்ட உதவியும், தன் உரிமை இன்னதென்ற அறிவுமே. இவை மூன்றும் உள்ளவள் பேச்சு மேஜையிலும் ஏமாறமாட்டாள். இல்லாதவள் கூண்டிலும் ஏமாறுவாள்.

மூன்றாவது காரணம் எளிதில் உதிர்ந்துவிடும். பேசி முடித்தது காற்றோடு போகும் என்கிறார்கள். குடும்ப நீதிமன்றத்தில் இரு தரப்பும் சம்மதித்துப் பெறும் டிக்கிரியின் மேல் அப்பீல் கிடையாது. மக்கள் நீதிமன்றத்தில் எழுதப்படும் தீர்வு, 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, உரிமையியல் நீதிமன்றத்து டிக்கிரிக்குச் சமானம். அதற்கும் அப்பீல் இல்லை. நீதிமன்றத்துக்கு வெளியே தாமாகவே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று, தமிழ்நாட்டுக் கட்டணச் சட்டத்தை வியாக்கியானம் செய்து உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. சர்க்கார் பணத்தைத் திருப்பிக்கொடுத்துப் பேசச் சொல்லும் காரியம் காற்றோடு போவது எப்படி?

போராடி வாங்கிய டிக்கிரியின் ஸ்திரத்தையும் பார்த்துவிடுவோம். மனைவி சேர்ந்து வாழ வரவேண்டும் என்று கணவன் டிக்கிரி வாங்குகிறான். அவள் வராவிட்டால் நீதிமன்றம் செய்யக்கூடியது சொத்தை ஜப்தி செய்வது. மனத்தை ஜப்தி செய்யும் அமீனா இன்னும் நியமிக்கப்படவில்லை. ஓராண்டு காலம் அவர்கள் சேராமலே இருந்துவிட்டால், அந்த டிக்கிரியையே ஆதாரமாகக் காட்டி இருவரில் யாரும் விவாகரத்துக் கேட்கலாம் என்று இந்து திருமணச் சட்டமே சொல்கிறது. சேர்ந்து வாழ்க என்ற உத்தரவு பிரிந்து போவதற்குப் படிக்கட்டாகிறது! குழந்தையைப் பற்றிய உத்தரவோ இன்னும் பரிதாபம். பள்ளிக்கூடப் பையோடு நீதிமன்ற வளாகத்தில் தகப்பனுக்காகக் காத்திருந்த ஒரு சிறுமியை நான் பார்த்திருக்கிறேன். தகப்பன் வந்தார், ஒரு பொம்மையும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். உத்தரவில் எழுதியிருந்த நேரம் முழுவதும் அவள் பொம்மையை வாங்காமலே தாயிருந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உத்தரவு எழுத்துப் பிசகாமல் நிறைவேறிற்று.

எதிர்க் கட்சியாரைக் கண்டித்த நான், என் கட்சியாரின் தவறொன்றையும் மறைக்கக்கூடாது. சமரசம் இப்படி இழிவாகப் பேசப்படுவதற்குச் சமரசத்தின் நண்பர்களும் காரணம். கணவன் மனைவியரை எப்படியாவது சேர்த்து வைப்பதே சமரசம் என்று அவர்களில் பலர் நம்புகிறார்கள். 1984ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே, திருமணம் என்ற அமைப்பைக் காப்பதில் பற்றுள்ளவர்களை நீதிபதிகளாகத் தேர்ந்தெடுக்க முயல வேண்டும் என்ற வாசகம் இருக்கிறது. இதனால், பிரிந்துபோகத் தீர்மானித்து வந்தவர்களுக்கு ஆலோசனை அறை என்பது, "குழந்தைக்காகவாவது" என்ற பல்லவியை வாய்தாதோறும் கேட்டுவிட்டு வரும் இடமாகிறது. பேசினால் சேரத்தான் வேண்டும் என்று பயந்தவர் பேசவே மறுத்து வழக்குக்கு ஓடுகிறார். சமரசத்தின் வேலை விவாகத்தைக் காப்பாற்றுவது என்று எவர் சொன்னார்? சேர்வதாயினும் பிரிவதாயினும், அதை அவர்களே, முழு விவரமும் அறிந்து, ஒருவரை ஒருவர் நாசப்படுத்தாமல் முடிவு செய்ய உதவுவதே அதன் வேலை. பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்துப் பெற இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் வாசல் திறக்கப்பட்டது. தக்க வழக்குகளில் அதற்குரிய ஆறு மாதக் காத்திருப்பையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் சொல்லப்பட்டது. நல்லபடியாகப் பிரிந்தவர்கள் பின்னொரு நாள் மகளுடைய கல்யாண மேடையில் அருகருகே நின்று தாரை வார்க்கக் கூடும். அதுவும் சமரசத்தின் வெற்றியே.

இது ஏதோ கனவு காண்பவர்களின் ஏற்பாடு என்றும் சிலர் நகைக்கிறார்கள். ஜப்பானில் 1949இல் குடும்ப நீதிமன்றங்கள் ஏற்பட்டன. விவாகரத்து வழக்குத் தொடுக்க விரும்புகிறவர் அங்கே முதலில் சமரசக் குழுவின் முன் வந்தாக வேண்டும். ஒரு நீதிபதியும் பொதுமக்களிலிருந்து தேர்ந்த அங்கத்தினர்களும் சேர்ந்தது அக்குழு. அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்து வக்கீல் ஸ்டூவர்ட் வெப், விவாகரத்து வழக்குகளில் சண்டையிட்டுச் சலித்து, 1990இல் புதிதாக ஒரு முறையைத் தொடங்கினார். இரு தரப்பு வக்கீல்களும் உடன்பாட்டுக்காக மட்டுமே உழைப்பதாக ஒப்புக்கொள்வார்கள். பேச்சு முறிந்து வழக்கு மன்றம் ஏறினால், இருவருமே விலகிக்கொண்டு வேறு வக்கீல்களுக்கு இடம் விடவேண்டும். சண்டை நீடித்தால் தமக்கு வருமானம் இல்லை என்று வக்கீலே ஏற்பாடு செய்துகொண்ட விந்தை அது. நம் ஊரிலும், உயர்நீதிமன்ற வளாகத்திலேயே, நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னையில் திறக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. திருமண வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பிப் பார்க்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2013இல் குடும்ப நீதிமன்றங்களுக்குச் சொல்லியது. வாசல் இருக்கிறது, நாம்தான் அதைத் தோற்றவர் நுழையும் கொல்லைப்புறம் என்று எண்ணி ஒதுங்குகிறோம்.

வழக்கே கூடாது என்பது என் கொள்கை அன்று. மிரட்டுகிறவனுக்கும், மறைத்துப் பத்திரம் செய்கிறவனுக்கும், உட்கார்ந்து பேச மறுக்கிறவனுக்கும் நீதிமன்றந்தான் மருந்து; அது திறந்திருப்பதனாலேயே சமரச மேஜைக்கும் மதிப்பு உண்டாகிறது. நான் வேண்டுவது ஒன்றுதான். அடுத்த முறை, சகோதரியின் மகனோ நண்பனோ முகம் சிவந்து வந்து உங்கள் எதிரில் உட்காரும்போது, வக்கீலின் விலாசத்தை எழுதிக் கொடுப்பதற்கு முன், அவனுக்கு வேண்டியது என்ன என்று கேளுங்கள். அவன் சொல்லும் பொருள் ஒரு டிக்கிரியால் தரக்கூடியதுதானா என்று அவனையே யோசிக்கச் சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் கிழக்குப் பாகத்தையும் டிக்கிரி தரும். அண்ணனைத் தராது.

எங்கள் ஊர்ச் சகோதரர்களின் வழக்கு முடிவெய்தியபோது தம்பியும் உயிரோடு இல்லை. வீடு பிரிக்க இயலாதது என்று கமிஷனர் எழுதினார். அது விற்கப்பட்டு, தொகை இரு தரப்பு வாரிசுகளுக்கும் பங்கிடப்பட்டது. வழக்கு நடந்த காலத்தில் முற்றத்தின் நடுவே அவர்கள் எழுப்பியிருந்த சுவர் ஒன்று உண்டு. வீட்டை வாங்கிய வெளியூர்க்காரர் குடிவரும் முன் செய்த முதல் வேலை, இரண்டு கொத்தனார்களை வைத்து அரை நாளில் அதை இடித்துத் தள்ளியதுதான்.